சம்பந்தி வீட்டு நெருப்பு

கயத்தாற்றுக்குக் கிழக்கே பனைவிளாகம் என்ற ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் கொம்பையா, கடைசி நெல்லைநாயகம். அவர்களுடைய அப்பா சாகும்போது நிலத்தை மூன்றாகப் பிரித்ததுபோலவே அறிவையும் மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தமே கொஞ்சம் என்பதால் பங்கு யாருக்கும் போதவில்லை. ஆனால் ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டது கிடையாது. குறை இருப்பது தெரிந்தால்தானே!

அவர்களுடைய தங்கை மகன் இசக்கிராஜ், அர்ஜென்டினாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். பார்த்த இடத்தில் மரியானா என்ற பெண்ணையும் பார்த்துவிட்டான். பெண்ணின் அப்பா ஒராசியோ நேரடியாகச் சொல்லிவிட்டார்: "உன் வீட்டு மனிதர்கள் என் வீட்டுக்கு வந்து, என் கையால் சுட்ட கறியைச் சாப்பிடட்டும். அப்புறம் சொல்கிறேன்."

இசக்கிராஜின் அப்பா விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தாய்மாமன்கள் மூவரையும் அனுப்பிவைத்தார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுக்க ஒரு தாய்மாமன் போதும். இசக்கிராஜுக்கு மூன்று பேர் வாய்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காரில் போகும்போதே அவன் பாடம் நடத்தினான்.

"மாமா, இது சும்மா சாப்பாடு இல்ல. அசாடோன்னு பேரு. கறியைத் தணல்ல மெதுவா சுடுவாங்க. மாட்டுக்கறி வேண்டாம்னு சொன்னதால உங்களுக்காக ஆடு வாங்கியிருக்காரு. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த நெருப்பு அவரோடது. கிளறுறேன், விசிறுறேன்னு யாரும் கை வைக்கக்கூடாது. முன்னால வந்த மாப்பிள்ளை ஒருத்தன் கட்டையைத் தள்ளிவிட்டான். அன்னைக்கே அவனைத் தள்ளிவிட்டுட்டாரு."

"நெருப்பு சம்பந்தியோடது. நாம தொடக்கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

"தொடவே மாட்டோம்" என்றார்கள் தம்பிகள். மூவரும் சொன்னதைச் செய்கிறவர்கள். அதுதான் ஆபத்து.

வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம். ஒராசியோ தொப்பியும் மீசையுமாக நின்றார். இரும்புக் கம்பிகளைச் சிலுவைபோல இணைத்து, அதில் ஆட்டை விரித்துக் கட்டி, தணலிலிருந்து தள்ளி நட்டிருந்தார்.

"மருமவனே, நெருப்பு இங்க எரியுது. ஆடு அங்க நிக்குது. ஆட்டுக்கு எப்படித் தெரியும், வேகணும்னு?" என்று கேட்டார் கொம்பையா.

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுக்கும் மாமா. பேசாம உட்காருங்க."

பெண்ணின் அம்மா எல்சா ஒரு குடுக்கையில் கசப்பு இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உள்ளே ஓர் இரும்புக் குழலைச் செருகிக் கொண்டுவந்தாள். ஒரே குடுக்கை, ஒரே குழல். எல்லாரும் மாறி மாறி உறிஞ்சினார்கள்.

"எச்சில்லா!" என்றார் கொம்பையா. ஆனாலும் சபையில் மரியாதை குறையக்கூடாது என்று குடுக்கையை வாங்கி, நம் ஊரில் தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து, வாயில் படாமல் உயரத் தூக்கிக் கவிழ்த்தார். குழல் மூக்கில் விழுந்தது. இலை கண்ணில் விழுந்தது. வெந்நீரோ வாய்க்குப் போகாமல் சட்டைக்குள் போனது.

எல்சா மறுபடியும் நிரப்பி நீட்டினாள். கொம்பையா மருமகனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போதும்னா 'கிராசியாஸ்'னு சொல்லுங்க மாமா. நின்னுரும்."

"கிராசியாஸ்" என்றார் கொம்பையா. குடுக்கை உடனே திரும்பிப் போய்விட்டது. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வீட்டு நாய் நெல்லைநாயகத்தின் மேல் தாவியது. அவரும் அலறிக்கொண்டே "கிராசியாஸ்!" என்றார். எல்சா நாயைக் கூப்பிட்டாள், அது போய்விட்டது. எல்சா கூப்பிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை.

"என்ன மாதிரி வார்த்தை அண்ணே! சொன்னதும் நிக்கி!" என்றார் நெல்லைநாயகம்.

"மந்திரம்ல" என்றார் ஆவுடையப்பன்.

ரொட்டி வாங்க இசக்கிராஜும் மரியானாவும் கிளம்பினார்கள். ஒராசியோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உப்பு எடுக்க வீட்டுக்குள் போனார். எல்சாவும் பின்னாலேயே போனாள். காற்று லேசாக அடித்தது. ஒரு பொறி பறந்து வந்து தொப்பியில் உட்கார்ந்தது. ஓலைத் தொப்பி. அது காத்திருக்கவில்லை.

"அண்ணே, தொப்பி எரியுது."

"தெரியுது."

"அணைப்போமா?"

"நெருப்பு யாருது?"

"சம்பந்தியுது."

"அப்புறம் என்ன கேள்வி?"

கொம்பையா யோசித்தார். "அடுப்புல இருக்கும்போது அவருது. சரி. இப்போ மேசைக்கு வந்துட்டே?"

"ஏல, நம்ம ஆடு பக்கத்துத் தோட்டத்துக்குள்ள போயிட்டா, அது யாரு ஆடு?"

"நம்ம ஆடுதான்."

"அப்போ இது யாரு நெருப்பு?"

கொம்பையா ஒப்புக்கொண்டு தலையாட்டினார். அதற்குள் மேசைவிரிப்பின் ஓரமும் பிடித்துக்கொண்டது. மேசையில் ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. நெல்லைநாயகம் பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, தோட்டத்தின் கடைசி மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார்.

"நல்லவேளை! தண்ணி சிந்தி நெருப்புக்கு ஏதாவது ஆகியிருந்தா கல்யாணமே நின்னுருக்கும்" என்றார், மூச்சு வாங்க.

அண்ணன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு தீ பாதி மேசைக்கு வந்ததைப் பார்த்து, அவருக்கும் லேசான கவலை வந்தது. "தொடத்தான் கூடாது. சொல்லலாம்லா?" என்றார். மூவரும் வரிசையாக நின்று, கைகூப்பி, ஒரே குரலில் சொன்னார்கள்: "கிராசியாஸ்! கிராசியாஸ்! கிராசியாஸ்!"

உப்போடு வெளியே வந்த ஒராசியோ கண்ட காட்சி இதுதான். தன் தொப்பியும் மேசைவிரிப்பும் எரிகின்றன. விருந்தாளிகள் மூவரும் அவருடைய பாஷையில் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் விரிப்பை உருவித் தரையில் போட்டு மிதித்து அணைத்தார். அணைந்ததும், "பாத்தியால? கொஞ்சம் லேட்டாகும், ஆனா நிக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

ரொட்டியோடு திரும்பிய இசக்கிராஜ் கருகிய மேசையைப் பார்த்தான், மாமன்களைப் பார்த்தான், எல்லாம் புரிந்துபோயிற்று. ஒராசியோவிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "எங்க ஊரில் நெருப்பு சாமி. கும்பிடுவோம். தொடமாட்டோம்."

ஒராசியோ மாமன்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தணலைக் கிளறியவர்கள், 'இன்னும் ரெண்டு கட்டை போடலாம்' என்று யோசனை சொன்னவர்கள். வீடே பற்றினாலும் கைவைக்காதவர்களை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றத் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். தொப்பி இல்லை.

சாயங்காலம் வெயில் சாயும்போது ஆடு வெந்தது. இசக்கிராஜ் மாமன்களின் காதில் சொன்னான்: "கறி மேசைக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டுவாங்க. சுட்டவருக்கு மரியாதை. நீங்களும் தட்டுங்க."

"எம்புட்டு நேரம்?"

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்" என்றான் எரிச்சலாக. அந்த நேரம் பார்த்து, ஊரில் நடுராத்திரியிலும் தூங்காமல் காத்திருந்த அம்மா போனில் கூப்பிட்டாள். சிக்னல் தேடி வாசல் கேட்டுக்குப் போய்விட்டான்.

கறி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒராசியோ தலைகுனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் நிறுத்தினார்கள். மாமன்கள் மூவரும் நிறுத்தவில்லை. ஒராசியோ எழுந்து இன்னொரு முறை வணங்கினார். எல்சாவும் மரியானாவும் மரியாதைக்காகத் திரும்பவும் தட்டினார்கள். அவர் உட்கார்ந்தார். மூவரும் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். மொறுமொறுவென்று சிவந்த தோலும் சொட்டுகிற கொழுப்புமாகக் கறி அவர்கள் மூக்குக்கு நேரே ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பசிக்கி."

"கையைத் தட்டுல."

"ரெண்டு கையும் இதுலயே இருக்கு. எந்தக் கையால சாப்பிட?"

கொம்பையாவுக்கு ஒரு வழி தோன்றியது. "என் இடது கையும் உங்க வலது கையும் சேந்து தட்டட்டும் அண்ணே. ஆளுக்கு ஒரு கை மிச்சம்." தட்டிப் பார்த்தார்கள். கொம்பையா வலது கையால் ஆனந்தமாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஆவுடையப்பனுக்கு மிஞ்சியது இடது கை.

"சம்பந்தி வீட்டுல வந்து பீச்சாங்கையால சாப்பிடச் சொல்லுதியா?" என்று அவர் கண்கலங்கினார். தம்பி ஒரு வாய் தின்றுவிட்டு ஒரு வாய் அண்ணனுக்கு ஊட்டினார். கூட்டாளி கிடைக்காத நெல்லைநாயகம் இடது கையால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு, வலது கையால் ஒரு முழுத் தொடையைத் தின்றுமுடித்தார். மூவரில் அறிவாளி யார் என்ற கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது.

இசக்கிராஜ் திரும்பிவந்து, "ஐயோ, நிறுத்துங்க மாமா!" என்று கத்தியபோது ஒராசியோ தேம்பிக்கொண்டிருந்தார். அவர் ஆயுசில் அவருடைய கறிக்கு யாரும் இவ்வளவு நேரம் கைதட்டியதில்லை. அழுதுகொண்டே ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டதும் இல்லை. எழுந்து இசக்கிராஜைக் கட்டிக்கொண்டார். பெண்ணைத் தருவதாகச் சொன்னார். பிறகு மாமன்கள் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னார்.

"என்ன மருமவனே சொல்லுதாரு?"

"என் வீடு இனிமே உங்க வீடுன்னு சொல்றாரு மாமா" என்றான் இசக்கிராஜ், சந்தோஷத்தில். அவனும் மரியானாவும் கைகோத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கப் போய்விட்டார்கள்.

மூவரும் ஒதுங்கி நின்று பேசினார்கள்.

"பொண்ணையும் குடுத்து வீட்டையும் குடுக்காரு. பெரிய மனசு" என்றார் ஆவுடையப்பன்.

"வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாரே" என்றார் கொம்பையா.

"உள்ள போய்ப் பாத்திருவோம்" என்றார் நெல்லைநாயகம்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். வீடு பிடித்திருந்தது. அடுப்படி மட்டும் தப்பான மூலையில் இருந்தது, அதை இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அரை மணி கழித்து இசக்கிராஜ் வந்தபோது ஒராசியோவும் எல்சாவும் வாசலில் மலைத்துப்போய் நின்றார்கள். அவர்களுடைய துணிமணியெல்லாம் இரண்டு பெட்டிகளில் அழகாக மடித்து அடுக்கப்பட்டு வராந்தாவில் இருந்தது. உள்ளே அவர்களுடைய கட்டிலில் நெல்லைநாயகம் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"சம்பந்திகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு ராசா, முகம் வாடிப்போச்சு. உடனே காலி பண்ணணும்னு நாங்க ஒண்ணும் கெடுபிடி பண்ணல. வேற வீடு கிடைக்கிற வரைக்கும் வராந்தாவுல தாராளமா இருந்துக்கட்டும்."