'எதை'யும் 'யாரை'யும் அடைச்ச ஜாடி

என்னது, பொய்யா? ஏன்டா கதிரேசா, உங்க இங்கிலீஷ் மிஸ் "ஸ்லீப்புக்கு ஆப்ஜெக்ட் வேணாம், 'கட்' பண்றதுக்கு வேணும்"னு சொன்னா தலையை ஆட்டுவே, நான் சொன்னா பொய்யா? அந்த 'எதை', 'யாரை'ங்கற ஆப்ஜெக்ட்டையெல்லாம் ஒருத்தன் திருடிட்டே போனான்டா! கேளு.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி மருதவனம்னு ஒரு ராஜ்யம். அங்க கொக்கிமூக்கன்னு ஒரு மந்திரவாதி. ராஜா விருந்துக்குக் கூப்பிடலைன்னு கோபம். மலை உச்சியில உக்காந்து, மடியில ஒரு ஜாடியை வெச்சு, "எதை எல்லாம் வா! யாரை எல்லாம் வா!"ன்னு கத்தினான். ஊர்ல இருந்த 'எதை'யும் 'யாரை'யும் பறந்து வந்து உள்ள விழுந்துச்சு. லபக்குனு வலது கையால ஜாடி வாயைப் பொத்திட்டான். மந்திரம் போட்டவனை மட்டும் அந்த மந்திரம் தொடாது!

அவ்வளவுதான்! தூங்கலாம், எதையும் போத்திக்க முடியாது. நடக்கலாம், எதையும் தூக்க முடியாது. அழலாம், யாரையும் தேத்த முடியாது. தொடப்போனா எல்லாம் நழுவுது! ராஜாவுக்கு முதுகு அரிக்குது, சொறிய முடியல! அந்த ராஜாவே ஒரு மாதிரிதான், கல்யாண ஊர்வலத்துல யானை மேல தூங்கி, மாமனார் மடியில விழுந்தவரு... சரி, அது கிடக்கட்டும்.

வஞ்சின்னு ஒரு பொண்ணு. அவ தம்பி கைக்குழந்தை. அம்மா தூக்கப் போனா நழுவறான், பாலூட்டப் போனா நழுவறான். மத்தியானத்துக்குள்ள அழக்கூடத் தெம்பில்ல.

வஞ்சி ஓடினா, ஓடினா, மலை உச்சிக்கே ஓடினா.

"தாத்தா, தம்பி பசியில வாடறான். கையை எடுங்க!"

"ராஜா கிரீடத்தைக் குடுக்கட்டும், எடுக்கறேன்."

"எப்படிக் குடுப்பாரு? குடுக்கறதுக்கு வேண்டிய 'எதை'யையும் சேர்த்துத்தானே அடைச்சு வெச்சிருக்கீங்க!"

மந்திரவாதி அதை யோசிக்கவே இல்ல, மண்டு! "அதெல்லாம் தெரியாது, போடி!"

அவனைத் தள்ள முடியாது. கையைப் பிடிச்சு இழுக்க முடியாது. வஞ்சி சோர்ந்துபோய் எதிர்ல உக்காந்தா. ஓடி வந்த களைப்பு, தானா ஒரு கொட்டாவி வந்துச்சு. ஆ...வ்! பார்த்தா, மந்திரவாதி வாயும் கோணுது! அடடேன்னு வஞ்சி நிமிர்ந்தா.

கொட்டாவி வந்தா பெரியவங்க வாய்க்கு நேரா சொடக்கு போடுவாங்கல்ல? அவனுக்கும் சின்னதுலேருந்து அந்தப் பழக்கம். இடது கை ஜாடியைப் பிடிச்சிருக்கு, வலது கை பொத்தியிருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டான்.

ரெண்டாவது கொட்டாவி. அவன் வலது கை துடிச்சுது.

"நிறுத்துடி குட்டிப் பிசாசே!"

"வருதே தாத்தா, நான் என்ன பண்ண?"

மூணாவது, குகை வாய் மாதிரி! ஆ...வ்! அவனுக்கும் ஆ...வ்! டக், டக், டக்! வலது கை தன்னால எழும்பிச் சொடக்கு போட்டுடுச்சு!

புஸ்ஸுனு எல்லாம் வெளியே பறந்துச்சுடா! அந்த வேகத்துல ஜாடி சுக்கு நூறாச்சு, மந்திரமும் அதோட போச்சு. ராஜா ஆசை தீர முதுகைச் சொறிஞ்சாரு, விஷயம் தெரிஞ்சு மலையடிவாரத்துக்கே வந்து வஞ்சிக்குத் தன்னோட வெள்ளைக் குதிரையையே குடுத்தாரு. அவ அதுல ஏறி வீட்டுக்குப் பறந்தா. அங்க அம்மா தம்பியைத் தூக்கினா. நழுவல! அணைச்சா, பால் குடுத்தா. மடக்கு மடக்குனு அவன் குடிச்ச சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு!

அப்பாடா, எனக்கும் தொண்டை வறண்டுபோச்சு. அடியே மைதிலி, அந்த மோர்ச் சொம்பை உள்ள கொண்டா!