குலந்தாமின் வழக்கு

ஹெராத் நகரத்தில் ஹுமைரா என்றொரு நீதிபதி இருந்தார். பத்தொன்பது வருஷம் தீர்ப்புச் சொன்னவர். ஆட்சி மாறியதும் இனிப் பெண்கள் நீதிமன்றப் படியேறக் கூடாது என்றார்கள். சிறைக் கதவுகள் திறந்துகொண்டன. அவர் உள்ளே தள்ளிய ஆண்கள் வெளியே வந்து அவர் வீட்டைத் தேடினார்கள். அன்றிலிருந்து தம்பி வீட்டின் பின்னறையில் ஒளிந்து வாழ்ந்தார்.

மஸ்தூரா என்ற மாணவி அவரிடம் பாடம் கேட்க வந்துபோவாள். ஆசிரியர் என்ற பொருளில் அவரை உஸ்தாத் என்று கூப்பிடுவாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷத்தோடு அவள் படிப்பு நின்றுபோயிருந்தது. மெத்தை தைக்கப் போவதாகத் தெருவில் சொல்லிக்கொள்வாள். துணிமூட்டைக்குள் சட்டப் புத்தகம் இருக்கும்.

ஒருநாள் அவள் புத்தகத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“உஸ்தாத், இதில் இருக்கிற ஒரு சட்டம்கூட இப்போது இல்லை. எதற்காகப் படிக்கிறேன்?”

ஹுமைரா வாய் திறப்பதற்குள் தம்பி மனைவி தனக்குப் பழக்கமான ஒரு பெண்ணை உள்ளே அழைத்து வந்தாள். வந்தவள் புர்காவை முகத்திலிருந்து தூக்கினாள். ஹுமைராவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. குலந்தாம். ஐந்து வருஷத்துக்கு முன் அவளைக் கணவன் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்ட வழக்கு. அவனுக்கு எட்டு வருஷச் சிறையும் அவளுக்கு விவாகரத்தும் கொடுத்தவர் ஹுமைராதான்.

குலந்தாம் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அவன் வெளியே வந்துவிட்டான். புதிய நீதிமன்றத்துக்குப் போய், அந்த விவாகரத்து செல்லாது என்று எழுதி வாங்கிவிட்டான். நாளைக் காலை அவளையும் மகளையும் அழைத்துப்போக வருகிறான். அண்ணன்மாரும் சம்மதித்துவிட்டார்கள்.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாக இருந்தன. மஸ்தூரா அதையே பார்ப்பதைக் கவனித்தவள், கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் சொல்லவில்லை” என்றாள் ஹுமைராவிடம்.



மஸ்தூரா அவளை எல்லை தாண்டி அனுப்ப வழி உண்டா என்று கேட்டாள். ஆண் துணை இல்லாமல் முதல் சோதனைச் சாவடியைக்கூடத் தாண்ட முடியாது என்றாள் குலந்தாம். அதைக் கேட்டு வரவில்லை என்றும் சொன்னாள்.

“அன்றைக்குக் கோர்ட்டில் பயத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நீங்கள் படித்த தீர்ப்பில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதை ஒரு தடவை படிப்பீர்களா?”

ஹுமைரா பிளேடு எடுத்து மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தார். பஞ்சுக்குள்ளிருந்து அவருடைய பழைய தீர்ப்புகள் அடங்கிய ஒரு காகிதக் கட்டு வந்தது. அதில் தேடி நான்கு பக்கங்களை உருவினார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். மஸ்தூராவும் தன்னையறியாமல் எழுந்தாள்.

தாழ்ந்த குரலில்தான் படிப்பார் என்று மஸ்தூரா நினைத்திருந்தாள். ஹுமைரா கோர்ட்டில் படிக்கிற குரலில் படித்தார். மஸ்தூரா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“குலந்தாம் எந்தக் குற்றமும் செய்தவள் அல்ல. அவள்மீது விழுந்த ஒவ்வோர் அடியும் குற்றம். அடித்தவன் குற்றவாளி.”

“அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை” என்றாள் குலந்தாம்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்கு தடவை கேட்டாள். ஐந்தாம் தடவை தானே சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தை தப்பியது. ஹுமைரா திருத்தினார். மறுபடி சொன்னாள். இந்த முறை தப்பவில்லை.

“மகளுக்கு ஒன்பது வயது. உன் அம்மா கெட்டவள், அதனால்தான் அடி வாங்கினாள் என்று அவளிடம் சொல்கிறார்கள்” என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஹுமைரா காகிதங்களைப் பஞ்சுக்குள் திணித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். நூல் இரண்டு முறை தவறியது. மஸ்தூராவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“நாளைக்கு அவள் அவனோடு போய்த்தான் ஆக வேண்டும், உஸ்தாத். உங்கள் தீர்ப்பு செல்லாது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்களே.”

“செல்லாது என்றுதான் சொன்னார்கள்” என்றார் ஹுமைரா. “பொய் என்று சொல்ல அவர்களாலும் முடியவில்லை.”