கடைசிப் பெட்டி

மலையடிவாரத்து அந்த ஜங்ஷனில் மார்கழி முழுக்கப் பனிமூட்டம்தான். தண்டவாளம் கொஞ்ச தூரம் ஓடி மேகத்துக்குள் போய்விடும். வருகிற வண்டியெல்லாம் யாரோ காணும் கனவிலிருந்து இறங்கி வருவதாகத் தோன்றும்.

நிலைய அதிகாரி வகிதா பானுவுக்கு முப்பது வயது. அவரிடம் வேலை பழகிய செங்கோடனுக்கு ஐம்பது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அந்த முறுக்கு மீசையே அன்று காலை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் அவர் மகள் பூவிழி. முந்தின ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர் வண்டியில் இருந்தாள். இங்கே இறங்கிக் கிளை வண்டிக்கு மாற வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் அப்பாவோடு பேச, பல வருஷம் கழித்துச் சம்மதித்திருந்தாள். லீவில் வந்தாலும் எந்த விசேஷத்திலும் பாதியில் எழுந்து போய்விடுகிற அப்பா அவர்.

"நான்தான் ஊரோட வந்துட்டேனுங்களே மேடம். இன்னும் 'நீங்க வரலைப்பா'ங்கறா. ஏனுங்க அப்படிச் சொல்றா?"

வகிதா பச்சைக் கொடியோடு வெளியே போனார். பாசஞ்சருக்கு முன்னால் வந்த கூட்ஸ் வண்டி, தூரத்து லைனில் நிற்காமல் கடந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனியில் கரைந்தன.

"கூட்ஸ் போயிருச்சுங்க. பாசஞ்சருக்கு வழி குடுத்துரலாமுங்களா?"

"கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி பெருக்கல் குறியைப் பார்த்தீங்களாண்ணா?"

"பனியில தெரியலீங்க. டிரைவர் கை காட்டினாருங்களே."

"எஞ்சின் வந்தா வண்டி வந்ததா ஆயிடுமா?"

வண்டியின் கடைசிப் பெட்டிக்கு மட்டும்தான் அந்தக் குறி இருக்கும். ஒரு பெட்டி கழன்று வழியில் நின்றிருந்தாலும் பாசஞ்சர் அதில்தான் மோதும். வகிதா, கூட்ஸ் போகிற பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். கூட்ஸ் அங்கே வந்துவிட்டது, குறியைப் பார்த்துவிட்டோம் என்று பதில் வரும்வரை பாசஞ்சர் நகரவில்லை. செங்கோடன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார். வகிதாவுக்கே பாவமாக இருந்தது.

பாசஞ்சர் வந்தபோது கிளை வண்டிக்குக் கிளம்பும் சிக்னல் விழுந்திருந்தது. பூவிழி பையோடு ஓடி ஏறினாள்.

"வரேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது.

செங்கோடன் கிளை வண்டிக்குக் காட்டிய கொடியைச் சுருட்டிக்கொண்டு அறைப் பக்கம் நடந்தார்.

"எல்லாம் போச்சுங்க மேடம். இனி நின்னு என்னத்துக்கு?"

வகிதா அவர் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டார்.

"கடைசிப் பெட்டி பனிக்குள்ள போற வரைக்கும் நில்லுங்கண்ணா. உங்க பொண்ணு எட்டிப் பார்ப்பாங்க."