கடிகாரத்தின் மூன்று புள்ளிகள்

“எங்க பூர்வீகமே இதுக்குள்ளதான் இருக்கு, அம்மா. எடுத்துச் சொல்லத்தான் ஒருத்தரும் கிடைக்க மாட்டேங்காங்க.”

தில்லைக்கண்ணு மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தை எடுத்து வைத்தார். சங்கிலி மாட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற வகை. உள்ளங்கை அகலம். மூடிமேல் மூன்று இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது.

சடையம்மா நிமிரவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குற்றாலம் போகிற ரோட்டோரத்தில் அவள் மடம். மடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஓர் அடுப்பு. வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேட்டால் பதிலும் உண்டு.

ஒரு கொத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“உருவிக்கிட்டே சொல்லுங்க, அண்ணாச்சி.”

“எழுத்தைப் பாருங்க. எஸ், ஐ, ஆர். ‘சர்’! எங்க தாத்தாவுக்குத் தாத்தா வெள்ளைக்காரன்கிட்ட ‘சர்’ பட்டம் வாங்கியிருக்காரு. பட்டத்தை இதுல வெட்டியே கொடுத்திருக்கான்.”

“யாரு சொன்னா?”

“எங்க அப்பா.”

“அவருக்கு?”

“அவங்க அப்பா.”

“வெளியாளு யாரையும் கேக்கலையா?”

“கேக்காம? நெல்லையில கடிகாரம் ரிப்பேர் பாக்கிறவரைக் கேட்டேன். மெட்ராஸ் மியூசியத்துல கேட்டேன். கல்கத்தாவுல பழைய சாமான் வியாபாரி ஒருத்தருக்குப் போட்டோ அனுப்பினேன்.”

“என்ன சொன்னாங்க?”

தில்லைக்கண்ணுவுக்குத் திடீரென்று கீரையில் மும்முரம் வந்துவிட்டது.

கூட வந்திருந்த மகள் பாரிஜாதம்தான் பதில் சொன்னாள்.

“எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க, அக்கா. அந்தக் காலத்துத் தென்னிந்திய ரயில்வே. அதோட இங்கிலீஷ் பேருக்கு முதல் எழுத்து மூணும் இதுதான். ரயில் கார்டு வச்சிருந்த கடிகாரமாம்.”

“அரைகுறைங்க,” என்றார் அப்பா.

“அத்தனை பேருமா?” என்றாள் சடையம்மா.

“அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கண்ணை மூடிப் பாத்து, ‘ஆமா, சர்தான்’னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்.”

“பதிலையும் நீங்களே கொண்டு வந்துட்டீங்க. சரி, என்ன இப்ப அவசரம்?”

“என் கல்யாணம்தான் அவசரம்,” என்றாள் பாரிஜாதம். “இசக்கிராஜ்னு, டிராக்டர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. அப்பாவுக்கும் அவரைப் பிடிக்கும்.”

“பையன் தங்கம்,” என்று ஒத்துக்கொண்டார் தில்லைக்கண்ணு. “பூர்வீகம்தான் இல்ல. பஞ்சத்துல எங்கிருந்தோ வந்த குடும்பம். தாத்தா பேருக்கு மேல சொல்லத் தெரியல. பட்டம் வாங்கின வீட்டுலேருந்து எப்படிம்மா பொண்ணை அனுப்ப?”

“அவரோட அம்மா இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பாங்களாம். பதில் வரலைன்னா வேற இடம் பாக்கப் போறாங்களாம்.”

சொல்லி முடிக்கும்போது பாரிஜாதத்தின் குரல் இறங்கிவிட்டது.

சடையம்மா கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை எடுத்தாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராது, அண்ணாச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் காலடியில இது என்ன? புள்ளியா?”

“அழுக்கு.”

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். எழுத்து மின்னியது. புள்ளியும் மின்னியது.

“நல்ல அழுக்கு. எழுத்துக்கு ஒண்ணா வரிசையில உக்காந்திருக்கு.”

“வெட்டினவனுக்கு உளி வழுக்கியிருக்கும்.”

“ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலயா?”

பாரிஜாதம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன், ‘சர்’ பட்டத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்களா?” என்றார் தில்லைக்கண்ணு, கொஞ்சம் சத்தமாகவே.

“மாட்டாங்கப்பா. இனிஷியலுக்குத்தான் வைப்பாங்க. உங்க இனிஷியலுக்கு நீங்களே வைக்கிறீங்களே.”

“நீ சும்மா இரு.”

சடையம்மா கடிகாரத்தை அவர் கையில் வைத்தாள்.

“நான் படிச்சது எங்க ஊருப் பள்ளிக்கூடம். தமிழ்ல எழுத்துக்குத் தலையில புள்ளி வச்சா, அதுக்கு ஒரு பேரு சொல்லிக்கொடுத்தாங்க. என்னமோ ஒரு எழுத்து. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இது தெரியாதாக்கும்? க-வுக்கு மேல புள்ளி வச்சா க். மெய்...”

அவர் நிறுத்திக்கொண்டார்.



அடுப்பில் உலை கொதித்து மூடி தடதடத்தது. சடையம்மா எழுந்துபோய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தாள். அவர் கட்டைவிரலால் மூன்று புள்ளியையும் தடவிக்கொண்டிருந்தார்.

“கார்டுன்னா என்ன வேலை, அம்மா?”

“தென்காசி ஸ்டேஷன்ல பாத்திருக்கேன். கடைசிப் பெட்டியில நிப்பாரு. எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாப்பாரு. அப்புறம் கொடி காட்டுவாரு.”

“காட்டலைன்னா?”

“வண்டி நகராது.”

“எஞ்சின் ஓட்டுறவன் நினைச்சாக்கூடவா?”

“அவரு நினைச்சாலும்.”

தில்லைக்கண்ணு கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“அப்படின்னா சின்ன உத்தியோகம் இல்ல.”

சடையம்மா உருவிய கீரையை முறத்தில் அள்ளினாள்.

“கார்டு அண்ணாச்சி, வண்டி ரொம்ப நேரமா நிக்குது.”

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“அவங்க அம்மாவுக்குப் போனைப் போடு.”

“போட்டு? யாரு பேசுறதுன்னு சொல்ல?”

“கார்டு வீட்டுலேருந்துன்னு சொல்லு.”