பத்தேகால் பஸ்

புளியறைக்குளம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற அத்தனை பேரும் கூரையில் தொங்குகிற பெரிய கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, தங்கள் கண்ணையே நம்பாமல், டைம் கீப்பர் மருதப்பனிடம் "மணி என்னண்ணே?" என்று கேட்பார்கள். அவர் சொன்னால்தான் அது மணி. அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும்.

வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிற சடைச்சியம்மாளும் தினம் தினம் கேட்பார். வயதில் மருதப்பனுக்குத் தங்கை மாதிரி. ஆனால் அவருக்கு அந்த அம்மாள்தான் குரு. செம்பில் தண்ணீர் ஊற்றுகிறவளிடம் என்ன பெரிய ஞானம் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டுமே, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே பேசுகிறார்கள்!

அன்று வெள்ளிக்கிழமை. பெரியாஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு முதன்முதலாக நேர் பஸ். பத்தேகாலுக்கு சேர்மன் கொடியசைக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். பத்து மணி தாண்டியும் சேர்மனைக் காணோம். அவருடைய ஆள் செந்தூரான்தான் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, தலைவர் வர அரை மணிக்கு மேல ஆகும். கடிகாரத்தை அதுக்குத் தக்கன பின்னால தள்ளிருங்க."

"ராகு என்ன இந்தக் கடிகாரத்தைப் பாத்துட்டா வருது?"

"ராகு பாக்காது. ஊரு பாக்கும்ல? போட்டோவுல கடிகாரம் விழும். நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் அடிச்சு நாறடிச்சிருவான்."

"மாட்டேன்னா?"

"மலை டிப்போவுக்கு ஆள் வேணுமாம். தலைவர் ஒரு போன் போட்டா போதும்."

மருதப்பன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி இசக்கியம்மாள் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் கிடக்கிறாள். வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். நடுநடுவே ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு ஓடி வருவார். மலைக்குத் தூக்கியடித்தால் அவளை யார் பார்ப்பது?

நேரே பந்தலுக்குப் போனார்.

"அம்மா, ஒரு போட்டோவுக்காக முள்ளைத் தள்ளி வைக்கச் சொல்றாங்க. வச்சா தப்பா?"

சடைச்சியம்மாள் புளி போட்டுக் குடம் விளக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏணி உங்ககிட்ட இருக்கு. கையும் உங்ககிட்டதான் இருக்கு. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

தப்பு என்று சொல்லவில்லையே! அது போதும் மருதப்பனுக்கு. ஏணியைச் சாய்த்தார், ஏறினார், முள்ளைப் பின்னால் தள்ளினார், இறங்கினார். பயந்த மாதிரி இடி ஒன்றும் விழவில்லை. தண்ணீர் குடிக்க மறுபடி பந்தலுக்கு வந்தார்.

"மணி என்ன அண்ணாச்சி?" என்று சடைச்சியம்மாள் கேட்டார், தினமும் கேட்கிற மாதிரியே.

மருதப்பன் வாயைத் திறந்தார். மேலே இருக்கிற மணியைச் சொல்ல நாக்கு எழவில்லை. உண்மையான மணியைச் சொல்லத் தைரியம் இல்லை.

"சரி, தண்ணியைக் குடிங்க."

அப்போது கிளம்பக் காத்து நின்ற புது பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பெயர் வண்டிமலை. பெண்டாட்டிக்குக் கண் ஆபரேஷன். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு மருதப்பனைப் பார்த்தார்.

"மணி சரிதானேண்ணே? ஆஸ்பத்திரியில பன்னெண்டுக்கு டோக்கன் மூடிருவான். நேரம் கிடக்குன்னா இவளைக் கூட்டிட்டுப் போயி ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துருவேன். பசி தாங்க மாட்டா."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் தீர்ந்தது. மருதப்பன் ஆட்டத்தான் போனார். அதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது மனுஷனை.

"சரியில்லைய்யா! அது பொய் மணி. பத்தேகால் ஆயிருச்சு. பஸ்ஸை விட்டு எங்கயும் நகராதீங்க!"

கத்திக்கொண்டே ஏணியில் ஏறினார். செந்தூரான் கீழே நின்று, "யோவ், இறங்குய்யா!" என்று ஏணியைப் பிடித்து உலுக்கினான். மருதப்பன் ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முள்ளைச் சரியாக வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

சேர்மன் வந்தபோது பத்தே முக்கால். காரை விட்டு இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது கடிகாரத்தைத்தான்.

"சொன்னது என்ன, செஞ்சது என்ன? எவன்யா அது?"

"நான்தான். தள்ளி வச்சதும் நான், சரி பண்ணினதும் நான்" என்றார் மருதப்பன்.

"அவ்வளவு திமிரா? திங்கட்கிழமை நீ மலையில இருப்பே. பஸ் பன்னெண்டு மணிக்கு மேலதான் கிளம்பும், ராகு காலம் முடிஞ்சு. அதுவரைக்கும் எவனும் வண்டியைத் தொடக் கூடாது."

கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் சேர்மன். பஸ்ஸுக்குள் வெயில் கொதித்தது. "இப்ப எடுத்தாக்கூட டோக்கனைப் பிடிச்சிரலாமே" என்று வண்டிமலை ஜன்னல் வழியே பொதுவாகச் சொன்னார். மருதப்பன் கழுத்தில் தொங்கிய விசிலை டிரைவர் பார்த்தான், சேர்மனைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

மருதப்பன் பந்தலுக்கு வந்தார்.

"அம்மா, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். கடிகாரத்தைச் சரி பண்ணியாச்சு. அது போதாதா? இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

சடைச்சியம்மாள் செம்பைக் கீழே வைத்தார்.

"மணி என்ன அண்ணாச்சி?"

மருதப்பன் மேலே பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த மனிதரைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பத்து அம்பது!"

"அது எத்தனை மணி பஸ்ஸு?"

"பத்தேகால்."

"அப்போ ஊதுங்க. நீங்க மலைக்குப் போனா, இசக்கியக்காவுக்குக் கஞ்சி நான் கொண்டு போறேன்."