தளவாயைத் தூக்கிப் பார்த்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் நமக்கெதற்கு, கோபம் மட்டும் அவருக்கு மூக்கு நுனியில். அவருடைய வெள்ளை மயில் முதல் ஈட்டில் இட்ட ஆறும் கூமுட்டையாகிவிட்டன. மயில்காரன் பொன்னனைச் சிறையில் தள்ளினார். மயில் மறுபடியும் அடையில் உட்கார்ந்ததும், "அரசே, இம்முறை காவல் நம் விகடகவி மாசிலாமணிக்கே!" என்று தளவாய் விருபாட்சர் தேனொழுகச் சொன்னார்.

"குஞ்சு பொரிக்காவிட்டால் பொன்னன் தலையோடு உன் தலையும் போகும்!" என்றார் ராஜா மாசிலாமணியிடம்.

மாசிலாமணிக்கு உண்மை தெரியும். போன முறை நாழிகைக்கொரு தரம் மயிலைத் தூக்கித் தூக்கி முட்டையைப் பார்த்துக் கெடுத்தவர் இதே தளவாய்தான். எல்லாம் ராஜ விசுவாசம்! ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்?

மயில் இருந்த தோட்டத்தின் கதவைச் சாத்திவிட்டு, தூரத்து மரத்தடியில் கம்போடு உட்கார்ந்தான். நாட்கள் போகப் போகச் சோறு இறங்கவில்லை. கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இருபத்தெட்டாம் நாள், குஞ்சு பொரிக்க வேண்டிய அன்று காலை, தளவாய் ராஜாவை அழைத்து வந்தார். பின்னால் வாளோடு தலை வெட்டுகிறவன்.

"அரசே, இவன் மயிலை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை!"

"உண்மையா?"

மாசிலாமணி கும்பிட்டான். "கண்டும் காணாமல் இருந்தேன், அரசே. கீரி வந்ததைக் கண்டேன், விரட்டினேன். மயில் முட்டையைப் புரட்டியதையும் கண்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்."

"சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பெயரா?" என்று ராஜா சீறினார்.

"கடைசி ஆசை ஒன்று. போன முறை தளவாய் மயிலை நாழிகைக்கொரு தரம் தூக்கிப் பார்த்துக் கவனித்தது போலவே, இன்று ஒரு பகல் தளவாயைக் கவனிக்க ஆணையிடுங்கள்."

ராஜாவும் ஆணையிட்டார். நாழிகைக்கொரு தரம் நான்கு மல்லர்கள் தளவாயை ஆசனத்திலிருந்து தூக்கினார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள், மறுபடி உட்கார வைத்தார்கள். வாயில் கவளம் இருந்தபோதும் தூக்கினார்கள், கண் அசந்தபோதும் தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள், "ஐயோ, விடுங்கடா! இந்த ஆசனமே எனக்கு வேண்டாம்!" என்று தளவாய் எழுந்து ஓடினார்.

ராஜா யோசித்தார். "என் மயிலும் இப்படித்தான் ஓடியதோ?" ஆனாலும் தலை வெட்டுகிறவனைப் போகச் சொல்லவில்லை.

அப்போது மயிலின் இறக்கைக்கடியில் 'கீச்' என்றது. இன்னொரு 'கீச்'.

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். ராஜா மயிலைத் தூக்கிப் பார்க்க ஆசையோடு கையை நீட்டினார். அவன் அழுகையின் நடுவே இருமினான். நீட்டிய கையால் ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்ன வேண்டும், கேள்."

"பொன்னனை விட்டுவிடுங்கள், அரசே."

"விட்டேன். என் தளவாயை அடைக்கோழியாக்கினாயே, அதற்குத் தண்டனை?" மாசிலாமணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ராஜா முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போ, அதை நான் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்!"