சாயப் பாட்டு

தவமணி சொந்தமாக நாடகக் கம்பெனி ஒன்று சேர்த்தாள். முதல் நாடகமாக அந்தப் பழைய சிரிப்பு நாடகத்தையே எடுத்தாள். கிழட்டு மிராசுதார் ஒருவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பெண் கேட்டு வருவார். பெண்ணும் தோழிகளும் பாடிப் பாடியே அவரை விரட்டுவார்கள். அவ்வளவுதான் கதை. ஊர் ஊராக வயிறு வலிக்கச் சிரித்த கதை.

அந்தக் காலத்தில் பெண் வேஷம் கட்டியவர் அவளுடைய வாத்தியார் வெள்ளைக்கண்ணு. ஒத்திகை பார்க்க வந்திருந்தார்.

"சீன் படுதா, வெளிச்சம், மெட்டு எல்லாம் புதுசு வாத்தியாரே. சாயப் பாட்டையும் மறுபடி சேக்குறேன். அதுக்குத்தான் சிரிப்பு அள்ளுமாமே, ஏன் நிறுத்துனீங்க?"

வாத்தியார் காலி நாற்காலிகளைக் காட்டினார்.

"முன் வரிசையில போயி உக்காரு தாயி."

உட்கார்ந்தாள். அவர் தூணைப் பிடித்து மேடை ஏறினார். ஆர்மோனியத்தில் இருந்த தருமரைப் பார்த்துத் தலையசைத்தார். குரல் உடைந்துதான் போயிருந்தது. ஆனால் எடுப்பு போகவில்லை.

"சாயம் பூசின மாப்பிளைக்குச்
சாயங்காலம் கண்ணாலமாம்!
அங்கன ஒருத்தர் இருக்காக,
அவுகளக் கேட்டுப் பாருங்கடி!"

கடைசி அடியில் விரல் நேராக அவளை நோக்கி நீண்டது. தருமர் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். மேடையில் கல்யாணப் பெண்ணாக நிற்கவேண்டுமே என்று போன வாரந்தான் அவள் சாயம் பூசி நரையை மறைத்திருந்தாள். கை தானாக நெற்றியோரத்துக்குப் போனது.

வாத்தியார் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீழப்பட்டி திருவிழாவுல இப்படித்தான் ஒருத்தரு முன்னால இருந்தாரு. அன்னைக்குத்தான் சாயம் பூசியிருந்தாரு. பொண்டாட்டி செத்தவரு. ரெண்டாந்தாரமா ஒரு அம்மாவைப் பேசி முடிச்சிருந்தாங்க. எனக்கென்ன தெரியும்? கையை நீட்டிட்டேன். ஊரே சிரிச்சது. துண்டால தலையை மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு."

"கல்யாணம்?"

"அந்தம்மா வீட்டுல வேண்டாம்னுட்டாங்க."

"நீங்க போயிப் பாக்கலையா?"

"போகணும் போகணும்னே இருந்தேன். போனப்ப வீடு பூட்டிக் கெடந்துச்சு. செத்து ரெண்டு மாசமாச்சுன்னாங்க."

தருமர் ஆர்மோனியத்தை மெல்ல மூடினார்.

தவமணி அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பாட்டை எடுத்துறட்டுமா வாத்தியாரே?"

"எதுக்கு? நல்ல பாட்டு, பாடு. கையை மட்டும் என் பக்கம் நீட்டு தாயி. நாடகத்தன்னைக்கு முன் வரிசையில சாயம் பூசிக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன்."